குட்டைக்கால் சேவல்

பெரார்கஞ்ச் பக்கம் கோழிகளுக்கு ரத்தம் எடுக்கப் போன அந்த மாதம் முழுக்க மழை. விடிந்ததும் லம்பா லைனில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஐஸ் பெட்டியோடு கிளம்பினால், சாயங்காலம் சட்டையெல்லாம் கோழி நாற்றத்தோடு திரும்புவேன். தேடியது நிக்கோபாரி கோழி. குட்டைக்கால், உருண்டை உடம்பு, இந்தத் தீவுகளுக்கே உரிய ஜாதி. எங்கள் கால்நடைத் துறைப் பண்ணையில் இருந்தவை ஒன்றுக்குள் ஒன்றாகவே பெருகியதில் முட்டை பொரிவதே குறைந்துபோயிருந்தது. கலப்பில்லாத வெளிச்சேவல் ஒன்று கிடைக்காவிட்டால் அந்த வம்சம் அவ்வளவுதான்.

வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லாம் நெட்டைக்கால். மெயின்லேண்டுக்கு அனுப்பிய ரத்தத்தின் மரபணு முடிவும் கலப்பு, கலப்பு என்றே வந்தது. யாரைக் குறை சொல்ல? பத்து வருடம் முன்பு கப்பலில் வந்த சீமைச் சேவல்களை இதே வீடுகளுக்குக் கொடுத்தவன் நான்தான். "பழைய சேவலை அறுத்துடுங்க, அப்பதான் புது ஜாதி சேரும்" என்று சொல்லி, அறுத்தாயிற்றா என்று பார்த்துப் பட்டியலில் டிக் போட்டவனும் நான்தான். மேலே இருந்து வந்த உத்தரவு என்று இன்றைக்குச் சொல்லலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது.

கடைசி வீட்டு அக்கா சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிவிட்டு இங்கே வந்தவர். கொல்லையில் கூவல் கேட்டுப் போனேன். வலைக்குள் குட்டைக்காலோடு ஒரு சேவல் நின்றது. 

"அக்கா, இது எப்படி?"

அவர் முகம் வெளுத்தது. "கோவிச்சுக்காதீங்க டாக்டர் சார். அப்ப அறுத்துட்டேன்னு பொய் சொன்னேன். கச்சால்ல இருந்து ஒரு பெட்டையோட மடியில வெச்சு கப்பல்ல கொண்டாந்தது, மனசு வரல. வேற கோழியோட சேர விடாம அடைச்சே வளத்தேன். இது அதோட பேரன். பக்கா தேசி, கலப்பே இல்ல."

நான் டாக்டர் இல்லை, வெறும் துறை ஊழியன்தான் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. றெக்கையில் இரண்டு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தேன். முடிவு சுத்தம் என்று வந்த அன்றே கூண்டோடு ஓடிப்போய்ச் சேவலைக் கேட்டேன்.

அவர் தரவில்லை. "ஒங்க பேச்சக் கேட்டவங்க வீட்டுல ஒண்ணுமில்ல, கேக்காத வீட்டுலதான் இருக்கு. இப்ப மட்டும் எப்புடி சார் கேக்குறது? வேணும்னா ஒங்க கோழிங்கள இங்க கொண்டாந்து விடுங்க. சேந்ததும் எடுத்துட்டுப் போங்க."

 சரி என்றேன்.

ஆபீசுக்குத் திரும்பியதும் பழைய பட்டியலைத் தேடி எடுத்தேன். அவர் வீட்டுக்கு நேரே என் டிக். அந்த நாள் ஞாபகம் வந்தது. கால் கடுத்துப்போய், கொல்லைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் வாசலிலேயே நின்று போட்ட டிக் அது. மற்ற எல்லா வீட்டிலும் ஒழுங்காக உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருட வேலையில் நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒரு சோம்பேறித்தனம்தான்.