பட்டுப்புழு தின்ற ஃபோர்மேன்

எங்கள் ஃபோர்மேன் ஒரு மதிய இடைவேளையில் திறந்த தகர டப்பாவின் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஈரச் சாக்கையும் அவித்த வேர்க்கடலையையும் ஒன்றாக மூடிவைத்தது போன்ற வாடை. உள்ளே பழுப்புத் தண்ணீரில் மிதந்தவை வேகவைத்த பட்டுப்புழுக்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாங்கள் வேலை பார்த்த, இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் புது இயந்திரம் பொருத்த வந்திருந்த கொரிய இன்ஜினியர் கொடுத்தது. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டோம். அவர் மட்டும் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி நிதானமாக மென்றார். நெற்றி வியர்த்துவிட்டது. விழுங்கியபின் என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, மூஞ்ச சுளிக்கிற? அங்க போனா உங்க அம்மாவா வந்து கொயம்பு ஊத்தும்? நாக்க இப்பவே பயக்கிக்கணும்."

அங்கே என்றால் கொரியா. எங்களில் ஒருவரை இரண்டு வருடம் அங்குள்ள ஆலைக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அது அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பிரஸ் ஓடும் அதிர்வைக் காலால் உணர்ந்தே தகட்டை வெட்டும் அச்சுகளில் எந்த டை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆவடி பக்கம் சேக்காட்டுக்காரர். திருப்பதிக்கு அப்பால் ஊர் பார்த்தவர் இல்லை. சம்பளம் கூடும் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம்தான். "இருபத்திரண்டு வருசமா எங்கியோ செஞ்ச மிஷினோட மாரடிச்சினு கீறேன். எங்க செய்றான், எப்டி செய்றான்னு ஒரு தபா பாத்துரணும்" என்பார்.

அதற்காக அவர் செய்துகொண்ட தயாரிப்பு முழுக்க வாய்வழியாகவே நடந்தது. வருகிற வெளிநாட்டு ஆட்களிடம் கூச்சப்படாமல் கேட்டு வாங்குவார். ஒரு ஜப்பானியர் கொடுத்த புளிக்கவைத்த சோயாப் பயறு நூல் நூலாக இழுத்து மீசையில் தொங்கியது. முதல் நாள் வாந்தி எடுத்தார், மறுநாள் மிச்சத்தைத் தின்றார். சீனாக்காரர் கொண்டுவந்த முட்டை உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது. "கிரீஸ் மாதிரியே கீது, நம்ம பொயப்புக்கு ஏத்த முட்டை" என்று சிரித்தார். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, இதையெல்லாம் அடுப்படிக்குள் விடவில்லை. கொல்லைப்புறம் மோட்டார் மேடையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாராம். சில மாதத்தில் அவருக்கு எதுவுமே குமட்டவில்லை.

கொரியா போவதற்கான மருத்துவப் பரிசோதனைக்கு அவரோடு மாற்று ஆளாக என்னையும் அனுப்பினார்கள். ரத்தம், கண், எக்ஸ்ரே எல்லாம் முடிந்து கடைசியாகக் காது. கண்ணாடி அறைக்குள் அவருக்கு ஹெட்போன் மாட்டி உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலைப் பட்டன்மேல் தயாராக வைத்து, பரீட்சை எழுதப் போகும் பிள்ளையைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். விரல் அசையவேயில்லை. வெகுநேரம் கழித்து சோதனை செய்த பெண்ணிடம் கேட்டார்: "இன்னும் ஆரமிக்கலியாமா?"

அவள் முடித்தே விட்டிருந்தாள்.

அவர் சத்தமாகப் பேசுவது சுபாவம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். பிரஸ் இரைச்சலுக்குப் பயந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்தவனைக் கேலி பேசிய இடம் எங்கள் ஷாப். நானும் பேசியிருக்கிறேன். நான் வேலை செய்ததோ கதவு சாத்திய இன்ஸ்பெக்‌ஷன் அறையில். என் காது நன்றாக இருந்தது. என்னை அனுப்பினார்கள்.

நான் கிளம்புவதற்கு முன்தினம் அவர் என் வீட்டுக்கு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "போற எடத்துல கூச்சப்படாத. குடுக்குறதெல்லாம் துன்னு. வந்து ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும், இன்னா?" தலையாட்டினேன்.

நான் தின்னவில்லை. இரண்டு வருடமும் அறையில் சோறு வடித்து, அம்மா அனுப்பிய புளிக்காய்ச்சலைப் பிசைந்து சாப்பிட்டேன். கூட வேலை செய்தவர்கள் விருந்துக்குக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்பேன். அவர்களும் பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது பிரஸ் ஷாப்பில் பாதி ஆள் இல்லை. ஃபோர்மேனையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவரைப் பார்க்கப் போக எனக்கு மூன்று மாதம் பிடித்தது. ஆவடி பஸ்ஸில், உயிரோடு நெளியும் ஆக்டோபஸ், அழுகவிட்ட மீன் என்று சொல்ல வேண்டிய பொய்களை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, தெருவுக்கே கேட்கும் குரலில், "வா நைனா! சொல்லு, இன்னாலாம் துன்ன?" என்றார்.

நானும் கத்திச் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார். நடுவில் சிரித்தார், சிரிக்க ஒன்றுமில்லாத இடத்தில். அண்ணி தண்ணீர்ச் சொம்போடு வந்து மெல்லிய குரலில் சொன்னார். "அவருக்கு ஒண்ணும் கேக்கல தம்பி. காதுல மிஷின் மாட்டுனா மண்டைக்குள்ள இரையுதுன்னு கயட்டிப் போட்டாரு. யார் வந்தாலும் இப்டித்தான் தல ஆட்டினு கீறாரு."

நான் நிறுத்தினேன். என் உதடு நின்றதைப் பார்த்து, முடிந்துவிட்டதோ என்று அவர் முகம் வாடியது. என் முழங்காலைத் தட்டினார்.

"அப்பால?"

சொல்வதற்கு என்னிடம் பொய்கூட மிச்சமில்லை. சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.