மணம் தெரியாத நான்கு ஆண்டுகள்

எழுபதுகளின் கடைசியில் தில்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். பிப்ரவரி முடிவில் ஒரு காலை, அலுவலகத்துக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது தும்மல் தொடங்கியது. பஸ் ஸ்டாப் வரை நிற்கவில்லை. மறுநாளும் அப்படியே.

டிஸ்பென்சரி டாக்டர் ஒவ்வாமை மூக்கழற்சி (தூசியோ மகரந்தமோ பட்டு மூக்கின் உட்சவ்வு வீங்குவது) என்றார். மாத்திரை கொடுத்தார். தும்மல் நின்றது; தூக்கம் வந்தது. நான் ஸ்டெனோ. அதிகாரி சொல்லச் சொல்ல, பென்சிலைப் பிடித்தபடியே தூங்கிப்போனேன். இரண்டாம் முறை அவர் சொல்வதை நிறுத்தி, நான் விழிக்கும்வரை காத்திருந்தார். அன்றோடு மாத்திரையை விட்டேன்.

என் கணவர் ஒரு சித்த வைத்தியரிடம் அழைத்துப் போனார். திருநெல்வேலிக்காரர், புசா ரோடு பக்கம் தம் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்த்தார். திரிகடுகு சூரணம் (சுக்கு, மிளகு, திப்பிலிப் பொடி) தேனில் குழைத்து இரு வேளை. நொச்சி இலை போட்டு ஆவி. தயிர் கூடாது. ஓர் ஆண்டில் தும்மல் பாதியாகக் குறைந்தது. இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன்: எனக்கு அந்த மருந்து கேட்டது.

ஆனால் அதற்குள் மணம் போய்விட்டிருந்தது. எப்போது போனது என்று தெரியாது. தும்மல் குறைந்ததே போதும் என்று அதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதியம். அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சியை எடுத்தேன். எட்டு வயது மகள் சுதா பள்ளியிலிருந்து உள்ளே நுழைந்தாள்.

"அம்மா, மத் ஜலாவோ, பத்தவைக்காதே! கேஸ் ஸ்மெல் வருது!"

அடுப்பின் திருகு மூடாமல் இருந்தது. மூடினேன். ஜன்னல்களைத் திறந்தேன். பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

"உனக்குத் தெரியலையா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"தெரியலைடி" என்றேன்.

மறுநாள் வைத்தியர் என் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எத்தன நாளா வாசன தெரியல?"

"மூணு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"ஏம்மா சொல்லல? நானும் கேக்காம விட்டுட்டேன், என் தப்புதான். சதை வளந்திருக்கு. இது சூரணத்துக்கு அடங்காது. ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

மூக்குச் சதையை (வீங்கித் தொங்கும் உட்சவ்வு) அறுவை செய்து எடுத்தார்கள். இரண்டு நாள் மூக்கில் துணி அடைத்திருந்தது, வாயால் மூச்சுவிட்டேன்.

மூன்றாம் மாதம், மழை நாளில், பஸ்ஸில் பக்கத்துப் பெண்ணின் நனைந்த ஸ்வெட்டர் மணத்தது. கம்பளி என்று தெரிந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன்; வரவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அந்த நான்கு ஆண்டுகளும் யாரோ சொல்லிக் கேட்டவை போலத்தான் இருக்கின்றன. சுதாவுக்கு அம்மை போட்ட வாரம், அவள் தலையணை அருகே வைத்த வேப்பிலைக் கொத்து ஞாபகம் இருக்கிறது. அந்த அறை எப்படி மணத்தது என்று அவள்தான் எனக்குச் சொல்வாள்.

இப்போதும் கண் விழித்தவுடன் மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். ஏதோ ஒரு மணம் தட்டுப்பட வேண்டும். அதுவரை படுக்கையிலேயே கிடக்கிறேன். அதற்குப் பிறகுதான் எனக்கு விடிகிறது.