செய்யாறுக்கு அனுப்பிய பிடிஎஃப்

வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பை இரண்டு விரலால் விரித்து, இப்படித் தள்ளி, அப்படித் தள்ளி, பாதியில் வெறுத்துப்போய் மூடியிருக்கிறீர்களா? அந்தக் கஷ்டம் யாருக்கும் வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. ஒரகடத்தில் ஒரு கம்பெனி. எந்த போல்ட்டை எப்படி முடுக்க வேண்டும் என்று முன்பெல்லாம் காகிதத்தில் தொங்கிய குறிப்பு, இப்போது மெஷினுக்குப் பக்கத்தில் திரையில் வருகிறது. அதைத் திரையில் படிக்கத் தோதாகச் செய்து அனுப்புவது நான். படிப்பு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம், மிச்சமெல்லாம் திட்டு வாங்கிக் கற்றது.

நானும் வீட்டுக்காரரும் மாறி மாறி ஷிப்டுக்குப் போவதால், மூன்று வயது யாழினி செய்யாறில் என் அக்கா வீட்டில் இருக்கிறாள். எனக்குப் பகலில் மட்டும் வேலையுள்ள ஜெனரல் ஷிப்ட் கிடைத்தால் அழைத்து வந்துவிடலாம். அதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நான் அம்மா.

மூக்கால் ஒரு தொடுகை

போல்ட் முடுக்கும் லைனில் எல்லோருக்கும் கையுறை. கையுறை விரலுக்குத் திரை மசியாது. கழற்றி மாட்ட நேரமில்லாததால், லைனில் வேலை செய்யும் செல்வி அக்கா மூக்கால் தொட்டுத்தான் பக்கம் திருப்புவார். நானோ அழகாக இருக்கட்டுமே என்று குட்டிக் குட்டி பட்டனாக வைத்திருந்தேன். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறந்தது. டீ டைமில் பிடித்துக்கொண்டார்: “இன்னாம்மா, பட்டன கடுகாட்டம் வச்சிகீற? என் மூக்கு இன்னா ஊசியா?”

கனம்

கேமராப் படங்களைச் சுருக்காமல் அப்படியே கோத்து, குன்றத்தூரில் எங்களுக்குச் சாமான் செய்து தரும் பட்டறைக்காரருக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் போன் செய்தார்: “ஏம்மா, உங்க ஃபைலு நேத்தே கெளம்பிச்சின்னீங்க, இன்னும் வந்து சேரல. ஸ்ரீபெரும்புதூர் டிராஃபிக்ல மாட்டிக்கிச்சா?”

ஷிப்ட்

போனில் “எப்பம்மா வருவ?” என்று கேட்பதை யாழினி நிறுத்திவிட்டு, பெரியவள் மாதிரி “சாப்ட்டியாம்மா?” என்று கேட்க ஆரம்பித்த வாரம், ஜெனரல் ஷிப்ட் கேட்டு மேனேஜர் முன்னால் போய் நின்றேன். நல்ல மனுஷன்தான். குழந்தை போட்டோவைப் பார்த்து, அப்படியே என் ஜாடை என்றார். அப்புறம் சொன்னார்: “மூணு ஷிப்டும் திரை எரியுதும்மா. ஒரு பக்கம் தொறக்கலன்னா லைன் நிக்கும். அப்ப நான் யாரக் கூப்பிடுறது?”

யாழினியின் வீடு

அன்றைக்கே எங்கள் வாடகை வீட்டைப் படம்பிடித்து அவளுக்கென்று ஒரு பிடிஎஃப் செய்தேன். வாசற்கதவைத் தொட்டால் கூடம். கூடத்தில் கட்டிலைத் தொட்டால் அப்பா. சமையலறைப் பக்கம் தொட்டால் கரண்டியோடு நான். அக்காவின் பழைய போனிலும் சட்டென்று திறக்கும்படி சுருக்கி அனுப்பினேன்.

கைப்பழக்கம் யாரை விட்டது? படிப்பவர் எங்கேயும் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று, எங்கள் வேலையில் எல்லாப் பக்கத்து ஓரத்திலும் முதல் பக்கத்துக்குத் திரும்பும் சிவப்புப் பட்டன் வைத்தே ஆக வேண்டும். இதிலும் வைத்திருந்தேன். யாழினி போனைப் பிடிக்கிற பிடியில் கட்டைவிரல் சரியாக அங்கேதான் விழுமாம். திரையில் நான் வருவேன். உடனே வாசற்கதவு வந்துவிடும்.

“காலைலேர்ந்து கதவத் தொறந்துகினே கீறாடி,” என்று மறுநாள் நான் கூப்பிட்டதும் சொல்லி, அக்கா போனை யாழினியிடம் கொடுத்தாள்.

லைனில் எல்லோரும் கேட்டு வாங்குகிற பட்டனை வேண்டாமென்று சொன்ன ஒரே வாடிக்கையாளர் என் மகள்தான்: “நீ வந்ததும் போயிடுறம்மா. அந்த செவப்ப எடுத்துடு.”