அன்னக்கொடியின் இரண்டு விரல்

வடகவுஞ்சி அன்னக்கொடி முறைத்துப் பார்த்தால் போதும், இறுக்கிக் கட்டிய எப்பேர்ப்பட்ட வாரும் தானாகக் கழன்று விழும். பழனி அடிவாரத்திலிருந்து கொடைக்கானல் ஏரிக்கரை வரை இதற்குச் சாட்சி உண்டு. அவள் எதிரே வந்தால் பெரிய மனிதர்கள்கூட வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நலம் விசாரிப்பார்கள்.

ஞாயிற்றுச் சந்தையில் அவளைப் பார்க்கலாம். மூன்று மட்டக்குதிரைகள், முதுகில் பூண்டுப் பொதி. ஒவ்வொன்றின் வயிற்று வாருக்குள்ளும் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பாள். விரல் நுழையாவிட்டால் பொதியை இறக்கி மறுபடி கட்டுவாள். மழை கொட்டினாலும் சரி, யாவாரி கத்தினாலும் சரி. "அதுக்கு மூச்சு விடணுமில்ல? ஒம் பூண்டா விடப்போகுது?" என்பாள்.

வயது நாற்பதுக்கு மேல். குதிரைகளை 'வாங்க, போங்க' என்றும், மனிதர்களை 'ஏலே' என்றும் கூப்பிடுவாள். சுமக்கிறவருக்குத்தான் மரியாதையாம். மூத்த குதிரையின் பெயர் கலெக்டர்.

போன மாசியில் பெருமாள்மலை வளைவில் ஒரு சீமைக் கார் காய்கறி லாரியில் மோதி இடப்பக்கமாகப் படுத்துவிட்டது. ஓட்டிவந்தவள் மிஷனில் இருக்கும் வெள்ளைக்காரத் தொரசாணி. உட்காருகிறவரை இடுப்போடு கட்டிப் பூட்டும் வார் அந்தக் காரில் உண்டு; நம் பக்கத்து ஆட்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணாடியில் முட்டாமல் தொரசாணியைக் காப்பாற்றிய வார், காப்பாற்றிய பிறகு விட மறுத்துவிட்டது. மேலே போய்விட்ட இருக்கையிலிருந்து அவள் அந்தரத்தில் தொங்கினாள். கீழே பெட்ரோல் சொட்டியது.

லாரி டிரைவர் ஞானவேல் உடைந்த முன்கண்ணாடி வழியாக அவள் தோளைப் பிடித்து இழுத்தார். மூட்டை இழுத்துப் பழகிய கை. இழுக்க இழுக்க வார் வயிற்றில் இறங்கியது; தொரசாணியின் உதடு நீலம் பாரித்தது. பூட்டை அழுத்தினால் அசையவில்லை. ஒருவர் அரிவாளை நீட்டினார். நூல் நுழையாத இடத்தில் அரிவாள் எங்கே நுழையும்?

அந்த வழியாகப் பொதியோடு வந்த அன்னக்கொடி, உள்ளே கையை நீட்டி வாருக்கடியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். போகவில்லை.

"இழுக்காதேலே! பாரம் பூரா வாருமேல கெடக்கு. சரிவுல குதிரை விழுந்தா வாரையா பிடிச்சு இழுப்ப? பொதியத்தானடா தூக்குவ?"

"ஏ அன்னம், பெட்ரோல் ஒழுகுது, வெரசா இங்கிட்டு வா!" என்றார் அரிவாள் நீட்டியவர், வாயில் பீடியோடு.

"நீ மொதல்ல அந்தப் பீடியோட அங்கிட்டுப் போலே!"

சேலையை வரிந்துகொண்டு உள்ளே ஊர்ந்தாள். தொரசாணிக்குக் கீழே கையும் முழங்காலும் ஊன்றி, முதுகால் அவளை மேலே நெம்பினாள். உடைந்த கண்ணாடியில் முழங்கால் வழுக்கிப் பாரம் மறுபடி வாரில் இறங்கியது. தொரசாணி முனகினாள். அன்னக்கொடி அந்தக் கண்ணாடிமேலேயே முழங்காலை அழுத்தி ஊன்றினாள்.

"பயப்படாதீங்க. மூச்சை விடுங்க."

மனித ஜாதியில் ஒருவருக்கு அவள் 'ங்க' போட்டது அன்றுதான்.

முதுகு உயர்ந்தது. வார் தளர்ந்து இரண்டு விரல் நுழைந்தது. அதே கை தடவிப்போய்ப் பூட்டை அழுத்த, அது சமர்த்தாகத் திறந்துகொண்டது. தொரசாணி மொத்தமாக அவள் முதுகில் வந்து இறங்கினாள்.

இப்போதும் தொரசாணி சந்தைக்கு வந்தால், அன்னக்கொடி காருக்குள் கையை விட்டு வாரைச் சோதிக்காமல் போகவிடுவதில்லை.

முறைத்தால் கழலுமா என்று பார்த்துவிட, போன ஞாயிறு அவள் டீ குடிக்கப் போன சமயம், இதை எழுதுகிறவன் கலெக்டரின் வாரில் ஏழு முடிச்சுப் போட்டு வைத்தான். அவள் திரும்பி வந்தாள். முடிச்சைப் பார்த்தாள், முறைக்கவில்லை. வழக்கம்போல் இரண்டு விரலை உள்ளே விட்டாள். விரலோடு ஒரு துண்டுத் துணி வந்தது. கட்டம்போட்ட, பழசாகி மிருதுவான துணி.

"முடிச்சுப் போட்டவன் களவாணிப்பய. கலெக்டருக்கு உறுத்தாம துணி வச்சவன் ஆருலே?"

சந்தையில் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் வானத்தைப் பார்த்தான்.

நேராக அவனிடம் வந்தாள். அவன் போட்டிருந்த ஸ்வெட்டரைத் தூக்கி, உள்ளே அதே கட்டம்போட்ட சட்டையில் கிழிந்திருந்த இடத்தில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள்.