பீரோவுக்குள் அடித்த போன்

லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே கொண்டுவருவதுதான் அவர் பிழைப்பு. தெருவில் அவரை லிப்ட்காரர் என்றே கூப்பிடுவார்கள். போன் அடித்தால் போதும், சாப்பாட்டில் பாதியிலே எழுந்து ஓடுவார். அடிக்காத நேரத்தில் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கூத்துதான் வினையானது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன வருஷ லீவுக்கு வந்தவள், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அதன்பிறகு அப்பாவோடு பேச்சே இல்லை.

இந்த லீவுக்கு வரச்சொல்லி அம்மா கெஞ்சியிருந்தாள். மகள் பிடிகொடுக்கவில்லை. லிப்ட்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். வேலையையும் கருவிப்பையையும் கூட்டாளியிடம் ஒப்படைத்தார். தன் போன், அவசரமென்றால் ஆட்கள் கூப்பிடும் மனைவியின் போன் இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். இதை மகளிடம் சொல்லிவிடலாமே என்றாள் மனைவி. வேண்டாம், வந்து கண்ணால் பார்க்கட்டும் என்றுவிட்டார். மனுஷருக்கு எதையும் செய்துதான் காட்ட வேண்டும், வாயால் சொல்ல வராது.

மறுநாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மனைவி கடைக்குப் போயிருந்தபோது பீரோவுக்குள் போன் அடித்தது. மகளுக்கென்று தனியாக வைத்திருந்த மணி. கைப்பிடியைப் பிடித்து உலுக்கினார். காய் நறுக்கும் கத்தியை இடுக்கில் விட்டு நெம்பினார். கத்திதான் வளைந்தது. பக்கத்து வீட்டில் போன் வாங்கிப் பேசலாமென்றால் பெற்ற பெண்ணின் நம்பர் மனப்பாடமில்லை. மனைவியைத் தேடி ஓடலாமென்றால் எந்தக் கடை என்று தெரியாது.

மணி நின்றது. திரும்ப அடித்தது. என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், லிப்டில் மாட்டியவர்களிடம் பேசுகிற பழக்கத்தில், கதவிடுக்கில் வாயை வைத்து, "இரும்மா, இதோ வந்துட்டேன், பயப்படாத" என்றார். அவளுக்கு அது கேட்காது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. போன் ஓய்ந்துபோனது. அவர் பீரோவின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மனைவி வந்து திறந்ததும் மகளைக் கூப்பிட்டார். எடுத்தாள். பின்னால் பஸ் ஓடும் இரைச்சல்.

"நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்கிட்டேன்ப்பா. வீட்டுக்கு வரவான்னு கேக்கத்தான் அடிச்சேன். அம்மாவும் எடுக்கல. நான் வர்றது யாருக்கும் பிடிக்கலைன்னு திரும்பிப் போற பஸ்ல ஏறிட்டேன்."

"எறங்கிடும்மா. அங்கயே எறங்கு, நான் வர்றேன்."

"வண்டி நடுவுல எங்கயும் நிக்காதுப்பா."

"உனக்காகத்தான்மா போனைப் பூட்டி வெச்சேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"அது எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள்.