அந்தப் பென்சில் எழுத்து யாருடையது?

இது நடந்தது 2003-இல், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட நாட்களில். கம்பத்தை அடுத்த காமயகவுண்டன்பட்டியில், சுருக்கமாகக் கே.கே.பட்டியில், இருந்தோம். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. கணவர் திராட்சை வியாபாரம் பார்ப்பவர். விடியும் முன்பே லோடு ஏற்றிக்கொண்டு கேரளா பக்கம் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பகல் முழுக்க வீட்டில் நான், மகள், மாமியார் மூன்று பேர்தான்.

நான் எதையும் மூன்று முறை யோசிக்கிற ஆள். குழந்தைக்கு ஸ்வெட்டர் போடுவேன், வியர்க்குமோ என்று கழற்றுவேன், குளிருமோ என்று மறுபடி போடுவேன். கல்லூரி வரை படித்தவள்தான். ஆனால் படித்தது எதுவும் அந்த ஒன்றரை வயதுக் குழந்தையிடம் உதவவில்லை. அந்த யோசனைகளிலிருந்து எனக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தது ஒரு மாத நாவல் வரிசை.

அதில் வரும் கதாநாயகிக்கு விசித்திரமான வேலை. ஜாமீனில் வெளியே வந்து, பிறகு கோர்ட்டுக்கு வராமல் ஓடிவிடுகிறவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்குவாள். துரத்தும்போதெல்லாம் ஒரு செருப்பைத் தொலைப்பாள். பல்லிக்குப் பயப்படுவாள். தவறான ஆளைப் பிடித்து மன்னிப்புக் கேட்பாள். கடைசியில் எப்படியோ சரியான ஆளும் அகப்பட்டுவிடுவான். படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும்.

அந்த நாவல்களைக் கம்பத்தில் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் இருந்த வாடகை நூலகத்தில் எடுப்பேன். அதை நடத்திய அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கறாரான மனுஷி. புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களின் வீட்டுக்கு மொபெட்டில் நேரே போய் நின்றுவிடுவார். மேசை ஓரத்தில் நூலில் கட்டிய ரப்பர் ஒன்று தொங்கும். திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டி, யாராவது கிறுக்கியிருந்தால் தேய்த்து அழித்துவிட்டு அபராதம் போடுவார். எண்ணெய்க் கறைக்குத் தனி அபராதம்.

அங்கே புத்தகம் எடுப்பதைவிட, எடுக்க வந்தவர்கள் பேசுவதைக் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும். ஒருநாள், தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அலுத்துக்கொண்டார்.

"கதையா இது? ஒரு பொம்பளை போய் ரவுடியத் தூக்கிட்டு வர்றாளாம். எவன் நம்புவான்?"

"நம்பாமத்தான் மாசாமாசம் மொத ஆளா வந்து எடுக்கிறீகளா?" என்றார் அக்கா.

கூட நின்ற தையல்காரப் பெண் சிரித்துவிட்டாள். "ஏன்க்கா, போன மாசம் கூடலூருக்கே போயி ஒரு ஆளு வீட்ல புஸ்தகத்தப் புடுங்கிட்டு வந்தீகளாமே. அவளுக்கு நீங்க எம்புட்டோ தேவல."

"நான் ரெண்டு செருப்போடயும் திரும்பி வருவேன்ல" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த புத்தகத்தைப் புரட்டினார்.

இந்தப் புத்தகங்களில் எனக்கு ஒரு ரகசிய இன்பம் இருந்தது. பக்க ஓரங்களில் யாரோ பென்சிலால் குட்டிக் குட்டியாக எழுதி வைத்திருப்பார்கள். கதாநாயகி செருப்பைத் தொலைக்கிற இடத்தில், 'இவளுக்கு யாராவது வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள்.' திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிகிற இடத்தில், 'கால் தெரியுது.' ஒரு கதையின் முடிவில், 'இவள் கண்டுபிடிக்கவில்லை. அவன்தான் ஓடிக் களைத்து உட்கார்ந்துவிட்டான்.' இன்னொன்றில், 'நம் ஊரில் இப்படி ஒரு வேலை இல்லை. இருந்தால் முதல் ஆளாக நான் போவேன்.' எல்லாம் ஒரே கையெழுத்து.

யார் இவர்? கதையை விட அதுதான் எனக்குப் பெரிய மர்மமாகிவிட்டது. தபால் ஆபீஸ் பெரியவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது எட்டிப் பார்த்தேன். கோழி கிளறியதுபோல் இங்கிலீஷில் போட்டார். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அதே நாவலைப் படித்த காலேஜ் பெண்ணின் நோட்டைக் கழுத்து வலிக்க எட்டிப் பார்த்தேன். அவள் நோட்டை மூடிக்கொண்டு, "என்னக்கா வேணும்?" என்றாள். "மணி என்னன்னு பாத்தேன்" என்றேன். கதாநாயகியே பரவாயில்லை என்று தோன்றியது.

அந்த ஐப்பசியில் எடுத்த நாவலில் ஒரு காட்சி. ஓடிப்போனவன் ஒளிந்திருக்கும் வீட்டுக்குள் நம் ஆள் நுழைகிறாள். அங்கே காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு வலிப்பு வருகிறது. அவள் தன் சாவிக்கொத்தைக் குழந்தையின் கையில் திணிக்கிறாள், பல்லுக்கு நடுவில் கரண்டியை வைக்கிறாள், குழந்தை கண் விழிக்கிறது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சில் எழுத்து கிண்டல் செய்யவில்லை. அழுத்தி எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தது.

'இது தப்பு. சாவி வேண்டாம். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.'

எல்லா இடத்திலும் சிரிக்கிறவர் இங்கே மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன்.

அந்த வாரமே என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. மடியில் கிடந்தவளின் கண்கள் திடீரென்று மேலே செருகின. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நான் போட்ட சத்தத்தில் மாமியார் பீரோச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். எதிர்வீட்டு மதினி மழையில் நனைந்தபடி ஸ்பூனோடு வந்தார்.

"இரும்பக் கையில குடு, நின்னுரும்" என்றார் மாமியார்.

"ஏத்தா, பல்லு கிட்டிக்கிச்சு. நாக்கக் கடிச்சிரப் போறா. நகரு, நான் வைக்கிறேன்" என்றார் மதினி.

"வேணாம் மதினி. வாயில ஒண்ணும் வைக்க வேணாம்."

"பிள்ளை இழுத்துக்கிட்டுக் கெடக்கு, வேணாங்கிறியே."

மாமியார் குனிந்து குழந்தையின் கையைப் பிடித்தார். நான் அவர் கையை விலக்கினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் பேச்சை நான் தட்டியதில்லை. "வேணாம் அத்தை" என்று சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மகளைப் பாயில் கிடத்தி ஒரு பக்கமாகத் திருப்பினேன். வாயிலிருந்து எச்சில் நுரையோடு வழிந்தது. அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதை இன்னும் மறக்கவில்லை. பெரியவர்கள் இரண்டு பேர் சொல்வதைக் கேட்காமல், கதைப் புத்தக ஓரத்தில் யாரோ எழுதியதை நம்புகிறேனே, தப்பாகப் போனால்? எழுதியவர் டாக்டரா, கிறுக்கரா? பெயர்கூடத் தெரியாதே? ஆனால் அந்த இரண்டு கோடுகள் கண் முன்னால் நின்றன. அவ்வளவு அழுத்திப் போடுகிறவர் விளையாட்டுக்கு எழுதியிருக்க மாட்டார்.

கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. மகள் மூச்சு வாங்கிச் சிணுங்கினாள். மதினியே தெருமுனைக்கு ஓடி ஆட்டோ கூட்டி வந்தார். கம்பத்தில் ஒரு குழந்தைகள் டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"காய்ச்சல் ஏறினா சில பிள்ளைங்களுக்கு வரும், பயப்படாதீங்க. வாயில ஏதாவது வச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல சார். ஒரு பக்கமாப் படுக்க வச்சேன்."

"நல்ல வேளை. ஸ்பூனை வச்சுப் பல்ல உடைச்சுக் கூட்டிட்டு வருவாங்க. உங்களுக்கு யாரு சொன்னது?"

"படிச்சிருக்கேன்" என்றேன். எதில் என்று அவர் கேட்காததற்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் சொன்னபடி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் தங்கி வீடு திரும்பிய பிறகு மாமியார் என்னோடு நேராகப் பேசவில்லை. பேத்தியைக் கொஞ்சுகிற சாக்கில், "உங்கம்மாக்காரிக்குத்தான் எல்லாம் தெரியுமே ஆத்தா, நமக்கு என்ன தெரியும்" என்பார். நான் கையை விலக்கியது அவருக்கு அப்படி உறைத்திருந்தது.

நாவலைத் திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டிப் போயிருந்தது. கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். லோடு பெட்டியில் எண் போட என் கணவர் வைத்திருந்த பென்சிலை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கடைசியில் அந்த வரிகளுக்குக் கீழே எழுதியே விட்டேன். 'என் மகளுக்கு வந்தது. நீங்கள் சொன்னபடி செய்தேன். நன்றாக இருக்கிறாள். நீங்கள் யார்? — கே.கே.பட்டி வாசகி.'

மறுநாள் காலை வாசலில் மொபெட் சத்தம். நூலகத்து அக்கா முந்தானையால் முகத்து மழையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"புஸ்தகத்த இங்கன வச்சுக்கிட்டு நீ பாட்டுக்கு இருந்தா நான் கடைய நடத்துறதா வேணாமா?"

"பிள்ளைக்கு மேலுக்கு முடியலக்கா" என்று நாவலை நீட்டினேன். எழுதியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் வழக்கம்போலப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நின்றார். வெகு நேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்து, நான் எழுதியதை மட்டும் தேய்த்தார். தூசியை ஊதினார். மேலே இருந்த வரிகளைத் தொடவில்லை. புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அபராதம் என்ற வார்த்தையே வரவில்லை.

எத்தனை முறை அவர் மேசை ரப்பரைப் பார்த்திருக்கிறேன். எல்லாருடைய கிறுக்கலையும் அழிக்கிறவர், ஒரு கையெழுத்தை மட்டும் எத்தனை புத்தகத்தில் விட்டு வைத்திருக்கிறார். காலேஜ் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்த எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை.

"அக்கா, மேல உள்ளத அழிக்கலியே?"

"அது அங்கன இருக்கட்டும்."

பாயில் விளையாடிக்கொண்டிருந்த மகளிடம் போய் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அவள் அவருடைய வளையலைப் பிடித்து இழுத்தாள். காபியோடு வந்த மாமியார் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"எங்க பெரியவனுக்கு வந்தப்பவும் இதே வயசுதான்" என்றார் அக்கா, குழந்தையைப் பார்த்தபடியே. "ஆளுக்கொரு சாவியா கொண்டாந்தாக. நான்தான் ஸ்பூன வச்சு அழுத்துனேன். பல்லு ஒடைஞ்சு உள்ள போயி மூச்ச அடைச்சிருச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் கொண்டு போக முடிஞ்சது. இருந்தா இன்னேரம் காலேஜ் முடிச்சிருப்பான்."

ஏதாவது பேச வேண்டுமே என்று, "இத வாயால எல்லாருக்கும் சொல்லலாமேக்கா" என்றேன்.

"சொன்னா எவ கேக்குறா? கடைக்காரி பாடம் நடத்துறாம்பாக. அதே புஸ்தகத்துல இருந்தா படிக்காம இருக்க மாட்டாக."

"நான் எழுதுனத ஏன் அழிச்சீக?"

"கே.கே.பட்டியில இருந்து இந்தக் கதைய எடுக்கிறவ நீ ஒருத்திதான். பொம்பளப் பிள்ளை. வலிப்பு வந்துச்சுன்னு இன்னைக்கு எழுதிப் போட்டா, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்து நிக்கும். எல்லாத்தையும் யோசிக்கிறியே, இத யோசிக்கலியா?"

உண்மையில் அதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, "மத்தபடி நான் எழுதுறது யாருக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா அந்தத் தபாலாபீஸ்காரரு எனக்கு அபராதம் போடுவாரு" என்றார். அப்போதுதான் எங்கள் மூவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மொபெட் சத்தம் தெரு திரும்பிய பிறகு மாமியார் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்த்து நேராகவே கேட்டார். "அடுத்த தடவ அந்தப் புஸ்தகம் எடுத்தா, அந்தப் பக்கத்த எனக்கும் காட்டுத்தா."

காட்டினேன். எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். சாவிக்கொத்தை அதன் பிறகு அவர் பீரோவைத் திறக்க மட்டும்தான் எடுத்தார்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்தக் காய்ச்சல் வலிப்பு அவளுக்குத் திரும்ப வரவில்லை. நான் இன்றும் ஸ்வெட்டரைப் போட்டுக் கழற்றுகிற ஆள்தான். ஆனால் எந்தக் கதையிலாவது வலிப்பு வந்த குழந்தையின் கையில் யாராவது சாவியைக் கொடுத்தால், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் பென்சிலைத் தேடி எடுத்து ஓரத்தில் அந்த வரிகளை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுவிடுகிறேன். எனக்குப் பிறகு அந்தப் பக்கத்தைப் புரட்டப்போகிற தாய் யார் என்று எனக்குத் தெரியாது. அந்த வரிகளை எழுதியபோது, படிக்கப்போவது நான் என்று அந்த அக்காவுக்கும் தெரியாதே.