கோசின் மேல் சாம்பல்

காலையில் கோசு நறுக்க உட்கார்ந்தேன். மேல் இலையை உரித்ததும் மடிப்பில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு திட்டு. தொட்டால் பிசுபிசுப்பு. அப்புறம் அது நகர்ந்தது. சீ! இந்த வயதிலும் உடம்பெல்லாம் கூசிவிட்டது. பேர் அசுவினியாம், என்ன லட்சணமான பேர்! செடியில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் பேன், அவ்வளவுதான்.

புழுவைக்கூட மன்னிக்கலாம். இலையைச் சல்லடையாக்கும், பச்சைப் பச்சையாய்க் கழிந்து வைக்கும், ஆனால் தான் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். இதுகள் கடிப்பதில்லை. கும்பலாய் உட்கார்ந்து உறிஞ்சும். இலை வெளுத்துச் சுருண்டுவிடும். சுருளுக்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகும். உவ்வே.

மர்பி டவுனில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா கோசு போட்டிருந்தாள். பூச்சிக்கு மருந்து அடுப்புச் சாம்பல்தான். விடிந்ததும் ஒரு கை அள்ளித் தூவுவாள். அதனால் இலையில் சாம்பல் நிறத்தில் எது இருந்தாலும் அவளுக்கு அது அவள் தூவினதுதான். "என்னமோ ஒட்டிட்டிருக்கேம்மா" என்றால், "சாம்பல்டீ, கழுவினா போயிடும்" என்பாள். கழுவினாளா? மேலாகத் தண்ணீர் தெளித்தாள்.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. வீட்டில் விளைந்ததில் நல்லதாகப் பார்த்துக் காணிக்கை வைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம். நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஆஸ்டின் டவுனிலிருந்து சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மத்தியானம் முடிவாவதாக இருந்தது. பையனை எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது, இப்போது சொல்ல என்ன வெட்கம்? அவன் அம்மா எங்கள் கோசை விடாமல் ஏலம் கேட்டு எடுத்தார்கள். "சம்பந்தி வீட்டுக் கோசாச்சே!" என்று குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டார்கள்.

வெள்ளைப் பட்டு. அதன்மேல் சாம்பல் நடக்க ஆரம்பித்தது. தோளிலிருந்து கழுத்துக்கு ஏறியது. அவர்கள் தேய்த்துவிட்டு, விரலில் நசுங்கின பச்சைப் பிசினைப் பார்த்தார்கள். வீல் என்று கத்திக் கோசை வீசினார்கள். அது பாஸ்டர் ஐயா காலடிவரை உருண்டது.

"சீ, வீடு வச்சிருக்கிற லட்சணமா இது? வாடா, போலாம்!"

பையனும் போனான், திரும்பிக்கூடப் பார்க்காமல். அசுவினியைவிட அவன்மேல்தான் எனக்கு அருவருப்பு வந்தது.

அன்று சாயங்காலமே அம்மா செடிகளையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். ஆனாலும் சாகும்வரை ஒரே பேச்சு: "அது சாம்பல்தான்டீ." நானும் "ஆமாம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கொல்லையில் இப்போது மாடிவீடு நிற்கிறது. அடுப்புச் சாம்பல் எந்த வீட்டிலும் கிடையாது. இன்றைக்கு என் கையில் நெளிந்தது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். சாம்பல்தான் என்று அடித்துப் பேசத்தான் ஆள் இல்லை. "ஆமாம்மா" என்று சொல்லிக்கொண்டே கோசைக் குப்பையில் போட்டேன்.